கோடையில் கூலி நாள்

விடியலில் தெருவில் பாவு தோய்ந்து, பகலெல்லாம் குழித்தறியில் அமரும் நெசவாளர் சிலர், சித்திரையில் கூலி பெற்றதும் உடற்சூடு தணிக்கவென்றே மதுக்கடையை நாடுகின்றனர். சூடு தணிவதில்லை, மது சிறுநீரைப் பெருக்கி உடலின் நீரை மேலும் வற்றச் செய்கின்றது. 1937-இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு இன்றில்லை, காவல் நம்முடையதே.

நாம் தணிக்கைக்குச் சென்ற சங்கமொன்றில், கூலி மேசையருகே நீர்மோர்ப் பானை வைத்திருந்தனர். பதநீரும் நன்றே, சுண்ணாம்பு தடவாத கலயத்தில் இறங்குவது கள் என்பதைப் பனையேறும் உறுப்பினர் அறிவர். ஆயினும், குடியை விட்டு முதற்கோடையைக் கடந்த முதியவர் ஒருவர் நம்மிடம் உரைத்தது வேறு: “மோரினால் அல்ல, ஐயா! கூலி நாள்தோறும் பக்கத்துத் தறிக்காரர் என்னுடன் வீட்டு வாயில்வரை நடந்து வந்தார்.”

மோருக்கான தொகையைச் சில்லறைச் செலவில் கண்டோம். அந்த நடைக்குப் பேரேட்டில் தலைப்பு ஏதுமில்லை.