'12 லட்சம் வரை வரி இல்லை'... அப்புறம் உங்களுக்கு ஏன் வரி வருகிறது?

ஜனவரி பிறந்தால் போதும், எச்.ஆரிடமிருந்து ஒரு மெயில் வந்து உட்கார்ந்துகொள்ளும்: 'முதலீட்டு ஆதாரங்களைச் சமர்ப்பிக்கவும்'. இந்த முறை பலர் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். 'அதான் 12 லட்சம் வரைக்கும் டாக்ஸ் இல்லையே' என்கிற தைரியம்.

அந்தத் தைரியம் பாதிதான் சரி. 2025 பிப்ரவரி 1 பட்ஜெட்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்த அந்தச் சலுகை, 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரையிலான வருமானத்துக்குப் பொருந்துகிறது. புதிய வரி முறையில் சம்பளக்காரர்களுக்கு 75,000 ரூபாய் நிலையான கழிவும் உண்டு. எனவே ஆண்டுச் சம்பளம் 12.75 லட்சம் வரை இருந்தால் வரி பூஜ்யம்.

ஆனால் 12 லட்சம் என்பது வரி அடுக்கே இல்லை. வரி இல்லாதது முதல் 4 லட்சத்துக்கு மட்டும்தான். 4 முதல் 8 லட்சம் வரை 5%, 8 முதல் 12 வரை 10%, 12 முதல் 16 வரை 15%, 16 முதல் 20 வரை 20%, 20 முதல் 24 வரை 25%, அதற்கு மேல் 30%. இதன்படி 12 லட்சத்துக்கு 60,000 ரூபாய் வரி வருகிறது. அதை 87ஏ பிரிவின் கீழ் தள்ளுபடி செய்கிறார்கள். ரெண்டும் ஒண்ணுதானே என்று தோன்றும். தள்ளுபடிக்கு நிபந்தனைகள் இருக்கின்றன, சிக்கல் அங்கேதான்.

12 லட்சத்தை 10,000 ரூபாய் தாண்டிவிட்டால் 61,500 ரூபாய் கட்டணுமா என்று பயப்பட வேண்டாம். கூடுதலாக வந்த அந்த 10,000-ஐத் தாண்டி வரி போகாது. 4% செஸ் மட்டும் தனி. வரிக்குரிய வருமானம் சுமார் 12.70 லட்சம் ஆகும்வரை இந்தப் பாதுகாப்பு உண்டு.

வேலை மாறினீர்களா?

நடுவில் கம்பெனி மாறியவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். செப்டம்பர் வரை ஒரு நிறுவனத்தில் மாதம் 80,000, அக்டோபரிலிருந்து இன்னொன்றில் மாதம் 1.6 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பழைய இடத்தில் 4.8 லட்சம், புதிய இடத்தில் 9.6 லட்சம். புதிய நிறுவனத்துக்கு உங்கள் பழைய சம்பளம் தெரியாவிட்டால், 9.6 லட்சத்தை மட்டும் பார்த்து வரியே பிடிக்காது. பழைய நிறுவனமும் பிடித்திருக்காது. மாதாமாதம் முழுச் சம்பளம், சந்தோஷம்!

உண்மையில் மொத்தம் 14.4 லட்சம். நிலையான கழிவு ஒரு முறைதான், எனவே வரிக்குரியது 13.65 லட்சம். செஸ்ஸோடு வரி 88,140 ரூபாய். ஜூலையில் கணக்கு தாக்கல் செய்ய உட்காரும்போது இது மொத்தமாக எதிரே நிற்கும், வட்டியோடு.

பழைய நிறுவனத்தின் சம்பள விவரத்தைப் படிவம் 12பி மூலம் இப்போதே புதிய நிறுவனத்திடம் கொடுத்துவிடுங்கள். கடைசி இரண்டு மூன்று மாதச் சம்பளத்தில் பெரிய பிடித்தம் விழும், வலிக்கும்தான். ஆனாலும் வட்டி கட்டுவதற்கு அது மேல். அதற்கும் நேரமில்லை என்றால் மார்ச் 15-க்குள் முன்கூட்டிய வரியாக நீங்களே ஆன்லைனில் கட்டலாம், வட்டி குறையும்.

பங்கு விற்றவர்கள் கவனிக்க

தள்ளுபடி சம்பளத்துக்குக் கிடைக்கும், வட்டிக்குக் கிடைக்கும். பங்கு, பங்குசார் மியூச்சுவல் ஃபண்ட் லாபத்துக்குக் கிடைக்காது. சம்பளம் 12 லட்சம், ஓராண்டுக்குள் விற்ற பங்கில் லாபம் 50,000 என்றால், கழிவு போக மொத்த வருமானம் 11.75 லட்சம்தான். அப்படியும் அந்த 50,000-க்கு 20% வரி, செஸ்ஸோடு 10,400 ரூபாய் கட்ட வேண்டும். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால், வருடத்துக்கு 1.25 லட்சம் வரையிலான லாபத்துக்கு வரி இல்லை. அதற்கு மேல் 12.5%. பதினோரு மாதம் ஆன யூனிட்டை இன்றைக்கே விற்கத்தான் வேண்டுமா என்று ஒருமுறை யோசியுங்கள்.

பழைய முறை யாருக்கு?

15 லட்சம் சம்பளத்துக்குப் புதிய முறையில் வரி 97,500 ரூபாய். பழைய முறையில் இதே அளவுக்கு இறங்க, 50,000 நிலையான கழிவு போக இன்னும் சுமார் 5.44 லட்சம் கழிவு காட்ட வேண்டும். 80சி, என்.பி.எஸ்., மருத்துவக் காப்பீடு மூன்றும் சேர்ந்தால் 2.25 லட்சம். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக் கடன் வட்டிக்கு உச்சவரம்பு 2 லட்சம். அதைச் சேர்த்தாலும் எட்டாது. ஆகவே இந்தச் சம்பளத்தில் பழைய முறை லாபம் என்றால், அது பெரும்பாலும் எச்.ஆர்.ஏ. பெரிதாக உள்ளவர்களுக்குத்தான். ஆண்டு வாடகை 1 லட்சத்தைத் தாண்டினால் வீட்டு உரிமையாளரின் பான் எண் கேட்பார்கள். வரி மிச்சம் என்று சொல்லி மார்ச்சில் தலையில் கட்டப்படும் இன்சூரன்ஸ் பாலிசிகள், புதிய முறையில் இருப்பவர்களுக்கு ஒரு ரூபாய்கூட வரியைக் குறைக்காது.

புதிய முறையிலும் ஒரு வழி திறந்திருக்கிறது: உங்கள் பெயரில் நிறுவனம் செலுத்தும் என்.பி.எஸ். பங்கு. அடிப்படைச் சம்பளத்தில் 14% வரை கழிவு உண்டு. மொத்தம் 13.5 லட்சம், அதில் அடிப்படை 6 லட்சம் என்றால் சாதாரணமாக வரி 74,100. சம்பளத்திலிருந்தே 84,000 ரூபாயை என்.பி.எஸ்ஸுக்குத் திருப்பினால் வரிக்குரிய வருமானம் 11.91 லட்சமாகி, வரி பூஜ்யம்! அந்தப் பணம் ஓய்வுக்காலத்துக்கான பணம், நினைத்தபோது எடுக்க முடியாது. சம்மதம் என்றால், ஏப்ரலில் சம்பள அமைப்பை மாற்றும்போது எச்.ஆரிடம் கேளுங்கள். எல்லா நிறுவனங்களும் இதைத் தருவதில்லை.

வரி பூஜ்யம் என்றாலும் வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினால் கணக்கு தாக்கல் செய்தே ஆக வேண்டும். கடைசித் தேதி ஜூலை 31. கடந்த ஆண்டு செப்டம்பர் 16 வரை நீட்டித்தார்கள், உண்மைதான்; இந்த முறையும் அதை நம்பி உட்கார வேண்டாம். தேதி தவறினால் 5,000 ரூபாய் வரை தாமதக் கட்டணம். பழைய முறையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் போய்விடும்.

ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம், 2025 அமலுக்கு வருகிறது. 'முந்தைய ஆண்டு', 'மதிப்பீட்டு ஆண்டு' என்ற குழப்பம் போய் 'வரி ஆண்டு' என்று ஒன்றே இருக்கும். ஆனால் இந்த ஜூலையில் நீங்கள் தாக்கல் செய்யப்போவது 1961 சட்டப்படிதான். இணையதளத்தில் மதிப்பீட்டு ஆண்டு 2026-27 என்றே தேர்ந்தெடுங்கள்.