மார்கழிக் குளிரும் வானிலை எதிர்வுகூறலும்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்வோருக்குக் குளிர் என்பது நுவரெலியாவுக்கு உரியது. கடலின் வெம்மையால் கொழும்புக் கரையோரத்தில் மார்கழி இரவிலும் வெப்பநிலை 20 பாகை செல்சியசுக்குக் கீழ் இறங்குவது அரிது. எனவே எதிர்வுகூறல் என்றதும் மழையையும் காற்றையுமே நாம் எண்ணுகிறோம். இவ்வெண்ணத்தின் குறைபாட்டை 2022 டிசம்பர் உணர்த்திற்று.

அம்மாதம் வங்காள விரிகுடாவில் தோன்றிய தாழமுக்கம் 'மாண்டஸ்' சூறாவளியாகி, இலங்கையின் கிழக்கே கடல்வழி நகர்ந்து, 9ஆம் திகதி நள்ளிரவையொட்டி மாமல்லபுரத்தருகே கரைகடந்தது. வட அரைக்கோளத்துச் சூறாவளிகளில் காற்று இடஞ்சுழியாகச் சுழல்வதால், அதன் மேற்குப்புறம் இந்திய நிலப்பரப்பின் குளிர்ந்த வளியைத் தெற்கே இழுத்துவந்தது. உடன்வந்த மாசினால் கொழும்பின் வானம் மங்கியது. 9ஆம் திகதி பாடசாலைகள் மூடப்பட்டன. தலைநகர் புகைமூட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, வடக்கு, கிழக்கு மேய்ச்சல் நிலங்களில் நூற்றுக்கணக்கான கால்நடைகள் குளிரால் மடிந்தன.

அங்கு உறைபனி ஏதும் விழவில்லை. நனைந்த உடலின் ஈரம் ஆவியாகையில் வெப்பத்தையும் கொண்டுசெல்கிறது; உடலைச் சூழ்ந்த வெம்வளியைப் பலத்த காற்று அகற்றிவிடுகிறது. குளிர்நாட்டவர் இதமானதெனக் கொள்ளும் வெப்பநிலையும், திறந்தவெளியில் மணிக்கணக்காக நனைந்து நிற்கும் மெலிந்த பசுவைக் கொல்லப் போதுமானது.

ரொறன்ரோவில் வாழும் நம்மவர் பனிப்புயற் காலத்தில் வெப்பநிலையோடு 'காற்றுக்குளிர்' அளவையும் கேட்டறிவர். கடுங்குளிருக்கென வகுக்கப்பட்ட அச்சூத்திரம் எமது கரையோரத்துக்குப் பொருந்தாது. மழை நீடிக்கும் நேரம், காற்றின் திசை, வேகம், இரவு வெப்பநிலை ஆகியவற்றை ஒருங்கே கணித்துக் கால்நடை வளர்ப்போருக்கென இரு நாள் முன்னதாக விடுக்கும் எச்சரிக்கையே இங்கு வேண்டுவது. கொட்டிலற்றவன் அவ்வெச்சரிக்கையைக் கேட்டு மந்தையை எங்கே ஓட்டிச்செல்வான் என்பது வளிமண்டலவியல் திணைக்களம் மட்டும் விடையிறுக்கக்கூடிய வினாவன்று.