செவ்வாயைச் சுற்றிவந்த கண்



ஜாதகக் கட்டத்தில் இடம்பெறும் செவ்வாயை நாம் எல்லாரும் அறிவோம். அது நம் பூமியைப் போலவே கல்லும் மண்ணும் கொண்ட ஒரு கிரகம். அங்கே மலை உண்டா, ஆறு உண்டா என்பதை மனிதன் எப்படித் தெரிந்துகொண்டான்? அதை இன்று பார்ப்போம்.

1965ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாரினர் 4 என்னும் விண்கலம் செவ்வாயைக் கடந்து சென்றது. போகிற போக்கில் அது எடுத்த படங்கள், அந்தக் கிரகத்தின் நிலப்பரப்பில் நூற்றில் ஒரு பங்கையே காட்டின. அவற்றில் தெரிந்தவை குழிகள். 1969இல் கடந்து சென்ற இரண்டு கலங்களும் பெரும்பாலும் குழிகளையே காட்டின. செவ்வாயும் சந்திரனைப் போல் உயிரற்ற உலகம் என்று அறிஞர் பலர் எண்ணினர்.

1971 நவம்பரில் மாரினர் 9 அங்கே போய்ச் சேர்ந்தது. அது கடந்து போகாமல் செவ்வாயை வலம்வரத் தொடங்கியது. பூமியல்லாத வேறொரு கிரகத்தை முதன்முதலில் சுற்றிவந்த கலம் அதுவே. ஆனால், அவ்வேளையில் செவ்வாய் முழுவதையும் புழுதிப் புயல் மூடியிருந்தது. நான்கு கரும்புள்ளிகளைத் தவிர வேறு எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. கடந்து போகும் கலமாயிருந்தால் வெறுங்கையோடு போயிருக்கும். சுற்றிவரும் கலமாதலால் அது காத்திருந்தது.

1972 ஜனவரியில் புழுதி அடங்கியது. அந்தக் கரும்புள்ளிகள் நான்கும் புழுதிக்கு மேலே தலைநீட்டிய எரிமலைச் சிகரங்கள்! அவற்றுள் பெரியதான ஒலிம்பஸ் மலையின் உயரம் ஏறக்குறைய 22 கிலோமீட்டர். நமது கினபாலு மலையைப் போல் ஐந்து மடங்குக்கும் அதிகம். ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர் நீளமுள்ள பள்ளத்தாக்கும், முன்னொரு காலத்தில் நீர் ஓடிய தடங்களும் தென்பட்டன.

மேலிருந்து எடுத்த படத்தில் மேடு பள்ளத்தை எப்படி அறிவது? நிழலே அதற்கு வழிகாட்டி. காலை வெயிலில் ரப்பர் மரத்தின் நிழல் நீண்டு விழுகிறது. உச்சி வேளையில் சுருங்குகிறது. சூரியனின் சாய்வு தெரிந்தால், நிழலின் நீளத்தைக் கொண்டு மரத்தின் உயரத்தைக் கணக்கிடலாம். குன்றின் உயரத்தையும் குழியின் ஆழத்தையும் அவ்வாறே கணக்கிடுகின்றனர். நிலத்தின் வயதை அறியக் குழிகளை எண்ணுகின்றனர். விண்கற்கள் விழுந்த குழிகள் நெருக்கமாயிருந்தால் அது பழைய நிலம். குறைவாயிருந்தால், எரிமலைக் குழம்பு போன்றவை பிற்காலத்தில் மூடிய நிலம்.

1972 அக்டோபரில் ஓய்வதற்குள் மாரினர் 9 அனுப்பிய படங்கள் 7,329. முந்திய கலங்களின் படங்களும் மெய்யே. ஆனால், அவை கண்டது ஒரு மூலையைத்தான். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதமாகலாம். ஓர் உலகத்தை அறிய அதைச் சுற்றித்தான் வர வேண்டும்.