ஊசிமுனையில் மிசோரம்

1986-ல் சென்னையில்தான் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் கண்டறியப்பட்டன. இன்று தொற்றுடன் வாழ்பவர்கள் அதிகம் இருப்பது மகாராஷ்டிரம், ஆந்திரம், கர்நாடகத்தில். ஆனால் விகிதத்தைப் பார்த்தால் காட்சியே வேறு. 2021-ம் ஆண்டின் அரசு மதிப்பீட்டின்படி 15 முதல் 49 வயதுக்குட்பட்டோரில் தேசிய சராசரி 0.21 சதவீதம், மிசோரத்தில் 2.70. அதாவது 37 பேரில் ஒருவர். அடுத்த இரு இடங்களில் நாகாலாந்தும் மணிப்பூரும்.

2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் 91 சதவீதத்தைத் தாண்டிய மாநிலம் மிசோரம்! படிப்பு காப்பாற்றவில்லை. மியான்மர் எல்லை வழியே வரும் ஹெராயின், பலர் கை மாறும் ஒரே ஊசி - மணிப்பூர் முன்பே பட்ட பாடு. மிசோரத்தில் தொற்று ஊசியோடு நிற்கவில்லை. பாலுறவு வழியே, போதையைத் தொட்டேயிராதவர்களையும் எட்டிவிட்டது. மாநில மக்கள்தொகையோ 2011-ல் சுமார் 11 லட்சம்தான். தேசியக் கணக்கில் இந்தத் துயரம் கண்ணில் படுவதில்லை. சுத்தமான ஊசி வழங்குவது குற்றமல்ல என்கிறது 2017-ம் ஆண்டுச் சட்டம். அதை வாங்க வருவதற்குத்தான் துணிச்சல் வேண்டியிருக்கிறது.