கணினிக்குள் ஊர் – 11: நிலமில்லாதவருக்கு வரி ஏது?

பட்டா எடுக்கத் தமிழக அரசின் இணையதளத்துக்குப் போனால், முதலில் மாவட்டத்தைக் கேட்கும். புதுக்கோட்டை என்று கொடுத்ததும் ஆலங்குடி, இலுப்பூர், கந்தர்வகோட்டை, மணமேல்குடி என இந்த மாவட்டத்தின் 12 வட்டங்கள் மட்டும் வந்து நிற்கும். ஆலங்குடியைத் தொட்டால் அதன் கிராமங்கள் மட்டும். ஓர் அட்டவணையில் நாம் தேர்ந்ததை வைத்து இன்னோர் அட்டவணையைச் சலித்தெடுப்பது இதுதான். இப்படிப் பொதுவான ஒரு மதிப்பால் அட்டவணைகளைத் தொடர்புபடுத்தும் முறையை 1970-இல் வகுத்துத் தந்தவர், ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த எட்கர் காட்.

கிராமத்தைத் தேடும்வரை சிக்கல் இல்லை. உதவித்தொகைக்கு ஆள் தேடும்போதுதான் வினை.

2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகையை எடுத்துக்கொள்வோம். மாதம் 1,000 ரூபாய். குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கருக்குள் அல்லது புன்செய் 10 ஏக்கருக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் என்று நிபந்தனைகள். விண்ணப்பம் ஓரிடத்தில் இருக்கும். நிலக்கணக்கு வருவாய்த் துறையிடம், யூனிட் கணக்கு மின்வாரியத்திடம். ஆக, பக்கத்து அட்டவணைகளைப் பார்க்காமல் இந்தச் சலிப்பு நடக்காது.

இதுபோன்ற எந்தத் திட்டத்துக்கும் செயலி எழுதுபவர், ‘நிலம் 5 ஏக்கருக்குள் உள்ளவர்களைக் காட்டு’ என்று விதி எழுதினால் என்ன ஆகும்? சொந்தமாக ஒரு சென்ட்கூட இல்லாத கூலிக்காரப் பெண்ணுக்கு நில அட்டவணையில் வரியே கிடையாது. பூஜ்யம் என்று எழுதியிருந்தால் அவர் தேறிவிடுவார். எதுவுமே எழுதப்படாததால் ஒப்பிட ஆளில்லை. கணினி அவரைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். நாலு ஏக்கர்க்காரர் பட்டியலில் இருப்பார், ஏதுமற்றவர் இருக்கமாட்டார். விதியைத் திருப்பிப் போட வேண்டும்: ‘எல்லாரையும் எடு, வரம்புக்கு மேல் நிலம் இருப்பவரை நீக்கு.’ கேட்க ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு விதிகள். ஒன்று ஏழையைத் தள்ளும், மற்றது சேர்க்கும்.

கூட்டுப் பட்டா இன்னொரு வம்பு. தாத்தா காலத்து 12 ஏக்கர் புன்செய், பாகம் பிரிக்காமல் நாலு அண்ணன் தம்பி பெயரில் கிடக்கிறது என்று வையுங்கள். சிட்டாவில் நாலு பெயரும் இருக்கும், மொத்தப் பரப்பும் இருக்கும். யாருக்கு எவ்வளவு என்பது இருக்காது. பெயரை வைத்துத் தேடினால் ஒவ்வொருவரும் 12 ஏக்கர்க்காரர் ஆகிவிடுவார். ஆளுக்கு வருவதோ 3 ஏக்கர். போதாக்குறைக்கு நிபந்தனை ஏக்கரில், சிட்டா ஹெக்டேரில். 5 ஏக்கர் என்பது சுமார் 2.02 ஹெக்டேர், மாற்றாமல் ஒப்பிட்டால் 12 ஏக்கர் நன்செய்க்காரரும் 4.86 என்று உள்ளே வந்துவிடுவார்.

செயலி எழுதுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: விதியைப் பெரிய பட்டியலில் ஓட்டும் முன், நிலமில்லாத ஒருவரையும் கூட்டுப் பட்டாக்காரர் ஒருவரையும் வைத்துச் சோதித்துவிடுங்கள். வாசகர்களுக்கும் ஒன்று. உரிமைத் தொகையில் நிராகரிக்கப்பட்டவர்களுக்குக் காரணம் குறுஞ்செய்தியில் வந்தது. 30 நாளுக்குள் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யவும் வழி இருந்தது. எந்தத் திட்டத்தில் ‘தகுதி இல்லை’ என்று வந்தாலும், எந்தக் கணக்கைப் பார்த்துச் சொன்னார்கள் என்று கேளுங்கள். தப்பு விண்ணப்பத்தில் இல்லாமல், பக்கத்து அட்டவணையில் இருக்கலாம்.

(தொடரும்)