நிலவொளியில் எது குறைகிறது?

தைப்பூச விடியலில் வடலூர்ச் சத்திய ஞான சபையின் முன் ஜோதிக்குக் காத்திருப்பவர்கள், கிழக்கே சூரியன் எழும் வேளையில் மேற்கே முழுநிலா இறங்குவதையும் பார்க்கலாம். இரண்டும் ஒரே ஒளிதான். நிலவு, தன்மேல் விழும் வெயிலில் எட்டில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்புகிறது. மீதியை அதன் மண் விழுங்கிவிடுகிறது.

எந்த நிறத்தை எவ்வளவு விழுங்கியது என்பதில்தான் சேதி இருக்கிறது. ஒவ்வொரு கனிமமும் தனக்கென்று சில அலைநீளங்களை உறிஞ்சும். விண்கலத்திலுள்ள நிறமாலைமானி, நிலவொளியை நூற்றுக்கணக்கான நிறங்களாகப் பிரித்து ஒவ்வொன்றையும் அளக்கிறது. அந்த அளவைச் சூரிய ஒளியின் அளவால் வகுத்தால், வரைகோட்டில் எங்கெங்கே பள்ளம் விழுகிறது என்று தெரிந்துவிடும்.

நீருக்கான பள்ளம் 3 மைக்ரோமீட்டர் அருகே, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில் விழும். சங்கடம் என்னவென்றால், நம் காற்றிலுள்ள ஈரமும் அதே ஒளியைத்தான் உறிஞ்சுகிறது. தரையிலிருந்து பார்த்தால் அது நிலவின் நீரா, நம் நீரா? கருவியை அங்கேயே அனுப்புவதுதான் வழி.

2008 அக்டோபர் 22 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய சந்திரயான்-1 அதைச் செய்தது. திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை. பள்ளத்தைக் கண்டது அதிலிருந்த நாசாவின் எம்-3 நிறமாலைமானி. 2009 செப்டம்பரில் முடிவு வெளியானது. சனிக்குப் போகும் வழியில் 1999-இல் நிலவைப் பார்த்துச் சென்ற காசினி விண்கலத்தின் பழைய பதிவிலும் அதே பள்ளம் இருந்தது. நீர் என்றதும் ஏரியை நினைக்க வேண்டாம். ஒரு டன் மண்ணில் ஒரு லிட்டர் தேறினாலே அதிகம்.

ஆனால் எம்-3 சுமார் 3 மைக்ரோமீட்டரோடு நின்றுவிட்டது. பள்ளத்தின் மறுகரை தெரியவில்லை. அது நீரா, ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் மட்டும் சேர்ந்த ஹைட்ராக்சிலா என்று பிரித்துச் சொல்லவும் முடியவில்லை. போதாததற்கு, வெயிலில் காய்ந்த நிலவுத் தரை தானே அகச்சிவப்பை உமிழ்ந்து பள்ளத்தைத் தூர்த்துவிடும். 2019-இல் வனிதா முத்தையாவைத் திட்ட இயக்குநராகக் கொண்டு சென்ற சந்திரயான்-2 இன் நிறமாலைமானி 5 மைக்ரோமீட்டர் வரை அளப்பது இதற்காகத்தான். வெப்பத்தின் பங்கைக் கழித்துவிட்டு, இரண்டையும் பிரித்துப் பார்க்க அதில் வழியுண்டு.

அந்த அளவீடுகளை இஸ்ரோ தன் ‘பிரதான்’ தளத்தில் இலவசமாகத் தருகிறது. கடலூர், சிதம்பரம் பக்கத்து இயற்பியல் மாணவர்கள் பதிவு செய்து, ஒரு பள்ளத்தையாவது தாங்களே வரைந்து பார்க்கட்டும்.