பதிவுத் தபாலா? அனுப்பியவர் யார் என்று பாருங்கள், திருப்பி அனுப்பாதீர்கள்

லுஹருக்குச் சற்று முன்பு தபால்காரர் வாசலில் நிற்கிறார். கையில் ஒரு பதிவுத் தபால். பெயர் வாப்பாவுடையது, அவரோ சவூதியில். "கோர்ட்டு நோட்டீஸா இருக்கப் போவுது, வாங்காதே" என்று உள்ளேயிருந்து ஒரு குரல். தபால் திரும்பிப் போகிறது.

வாங்காவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாது. சரியான முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியது உரியவருக்குச் சேர்ந்துவிட்டது என்றே சட்டம் பொதுவாக எடுத்துக்கொள்ளும். 'வாங்க மறுத்தார்' என்று எழுதித் திருப்பினாலும் அப்படித்தான். கிடைக்கவில்லை என்று நிரூபிக்க வேண்டியது பிறகு உங்கள் பொறுப்பு.

வாசலிலேயே பாருங்கள்

கையெழுத்திடும் முன் கவரின் மேல் உள்ள அனுப்புநர் முகவரியைக் காட்டச் சொல்லுங்கள். அது தெளிவாக இல்லையென்றால், கவரோடு ஒப்புகை அட்டை இணைத்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த அட்டை அனுப்பியவருக்கே திரும்பிப் போவது. ஆகவே அவருடைய பெயரும் முகவரியும் அதில் இருக்கும்.

கையெழுத்து, தபால் கிடைத்தது என்பதற்கு மட்டுமே. உள்ளே எழுதியிருப்பதை ஒப்புக்கொண்டதாக அதற்குப் பொருள் இல்லை.

வீட்டில் ஆள் இல்லாதபோது வந்திருந்தால்

தபால்காரர் விட்டுச்செல்லும் சீட்டை எறிந்துவிடாதீர்கள். அதையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு அஞ்சலகத்துக்குச் செல்லுங்கள். பொதுவாக ஏழு நாள் வைத்திருந்து, பிறகு அனுப்பியவருக்கே திருப்பிவிடுவார்கள். வெளிநாட்டில் இருப்பவர், தம் பெயருக்கு வருவதை வாங்கிக்கொள்ள வீட்டில் ஒருவருக்கு எழுத்து மூலம் அனுமதி கொடுக்கலாம்.

சீட்டில் 13 இலக்க எண் இருந்தால், அதை இந்திய அஞ்சல் துறையின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். எந்த அஞ்சலகத்தில், எந்தத் தேதியில் பதிவானது என்று தெரியும். அனுப்பியவர் பெயர் அதில் வராது. ஆனால் ஊரை வைத்தே பல நேரம் ஊகித்துவிடலாம். இணையம் பழக்கமில்லாதவர்கள் 1800 266 6868 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.

தபால் திரும்பிப் போய்விட்டதா?

வழக்காக இருக்குமோ என்ற பயம் இருந்தால், இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்து, உங்கள் பெயரையும் ஆண்டையும் போட்டுத் தேடலாம். கடன், ஜாமீன், வாடகை, சொத்துப் பங்கு என்று நிலுவையில் உள்ள விஷயம் ஏதாவது இருந்தால், அந்தத் தரப்பினரிடம் நீங்களே கேட்டுவிடுவது நல்லது.

நாட்கள் ஓடுகின்றன

செக் பணமின்றித் திரும்பினால், நோட்டீஸ் கிடைத்த 15 நாட்களுக்குள் தொகையைக் கட்டிவிட்டால் அதற்காகக் குற்ற வழக்கு போட முடியாது. வீட்டை அடமானம் வைத்து வாங்கிய கடன் வாராக்கடனாகி, சொத்தை எடுக்க வங்கி முதல் நோட்டீஸ் அனுப்பினால் 60 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் பதில் கொடுக்கலாம், பேசித் தீர்க்கலாம். கவரை வாங்காதவருக்கு இந்த அவகாசம் கண்ணில் படாமலேயே கழிந்துவிடும். வாங்கிய கவரையும் பத்திரப்படுத்துங்கள். அதில் உள்ள முத்திரைத் தேதி பின்னால் உதவும்.

வருவதெல்லாம் நோட்டீஸ் அல்ல. பாஸ்போர்ட்டும் ஸ்பீடு போஸ்ட்டில்தான் வருகிறது. 2025-இல் பதிவுத் தபால் சேவையே ஸ்பீடு போஸ்ட்டுடன் இணைக்கப்பட்டுவிட்டது.

ஓர் எச்சரிக்கை

"உங்கள் பார்சல் நிற்கிறது, முகவரியைச் சரிசெய்யுங்கள்" என்று லிங்க்குடன் வரும் குறுஞ்செய்தி மோசடி. அதைத் தொடாதீர்கள். ஓ.டி.பி.யை போனில் யாருக்கும் சொல்லாதீர்கள்.

நோட்டீஸ் என்றால் தனியாகப் பயந்துகொண்டிருக்க வேண்டாம். 15100 என்ற இலவச சட்ட உதவி எண்ணை அழையுங்கள். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், வழக்கறிஞர் உதவி இலவசம். அடுத்த முறை தபால்காரர் அழைத்தால் கதவைத் திறந்து, கவரைப் பார்த்து, வாங்கிக்கொள்ளுங்கள்.